மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு வேலை

1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இந்த நாற்பது ஆண்டுகளில் அதைப் பற்றி எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு சிறு நூலகமே தேறும். எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான்: எத்தனை குழந்தைகள் சாப்பிட்டார்கள், பள்ளி வருகை எவ்வளவு கூடியது, இடைநிற்றல் எவ்வளவு குறைந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றிய கணக்கு அநேகமாக அடிக்குறிப்பில்தான் வரும். சில மாதங்களுக்குள் தமிழக அரசு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை, பெரும்பாலும் பெண்களை, அவரவர் ஊரிலேயே வேலைக்கு அமர்த்தியது. நூற்றாலைகள், ரயில்பெட்டித் தொழிற்சாலை, சிறுதொழிற்பேட்டைகள் என்று தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பு வரலாற்றைச் சொல்பவர்கள் இதை அந்த வரிசையில் வைப்பதில்லை. வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் இந்தத் திட்டம் துணிச்சலாக நடந்துகொண்டது. எடுத்தபின் அவர்களை எப்படி நடத்துவது என்பதில் கஞ்சத்தனம் காட்டியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் என் வாதம். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், ஆதரவற்றவருக்கு முன்னுரிமை என்ற விதிகள்தான் கதவைத் திறந்தன. கூலியைக் கீழேயே வைத்திருப்பதற்கான சாக்கும் அவற்றிலிருந்தே பிறந்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதால் 1925-இல் அது நின்றுபோனது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு வேறு வகை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில், ஊர்ப் பெரியவர்களிடம் நெல்லும் பணமும் பாத்திரமும் திரட்டப்பட்டன. பிறகு அரசு, சாப்பாடு ஒன்றுக்கு ஆறு காசு கொடுக்க, மீதி நான்கு காசை ஊர் திரட்டியது. தமிழ்ச் சமூகத்தின் கொடையுணர்வுக்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தக் கதையில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், சாப்பிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். சமைத்தவர்கள் எங்கும் இல்லை. தானத்தில் நடக்கும் காரியத்தில் உழைப்பும் தானமாகவே பார்க்கப்படும். அரிசி கொடுத்தவர் பெயர் பலகையில் ஏறும், அதை வடித்தவர் பெயர் ஏறாது.

அறுபதுகளில் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேரின் உதவி வந்தது. மாவும் எண்ணெயும் பால்பொடியும் கப்பலில் வந்திறங்கின. பல ஒன்றியங்களில் மையச் சமையற்கூடங்கள் எழுந்தன. ஓரிடத்தில் சமைத்து வண்டியில் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு. நிர்வாகத்துக்கு வசதியான முறைதான். 1982 இதிலிருந்து விலகிப் போனதுதான் முக்கியமான திருப்பம். ஊருக்கு ஊர் மையம், மையத்துக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு மூன்று பேர் என்று கணக்கு மாறியது: அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், சமையல் உதவியாளர் ஒருவர். முதலில் கிராமத்துக் குழந்தைகளுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு, 1984 செப்டம்பரில் பத்து வயது முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கு என்று திட்டம் விரிந்தபோதெல்லாம் இந்த மூவர் கணக்கும் கூடவே விரிந்தது. ஏறத்தாழ 43,000 பள்ளிச் சத்துணவு மையங்கள் என்பது பிற்காலத்து எண்ணிக்கை. மூன்றால் பெருக்கினால் வருவது ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பணியிடங்கள். அங்கன்வாடிகள் இதில் சேராது. எந்தப் பெரிய ஆலையும் தமிழ்நாட்டில் இத்தனை கிராமங்களுக்குள் நுழைந்து வேலை கொடுத்ததில்லை. சமைக்கும் இடத்தை எங்கே வைப்பது என்பது பார்வைக்குத் தொழில்நுட்ப முடிவு போலத் தெரியும். உண்மையில் யாருக்கு வேலை என்பதையும் அதுதான் தீர்மானித்தது.

வேலை யாருக்கு? மாவட்ட நிர்வாகங்கள் வெளியிடும் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பார்த்தால் தெரியும். பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கும் மையத்துக்கும் இடையே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 25 விழுக்காடு இடங்கள் விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஒதுக்கீடு, இனச்சுழற்சியும் உண்டு. அமைப்பாளர் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், பழங்குடியினர் என்றால் எட்டாம் வகுப்பு போதும். உதவியாளர் பதவிக்கு ‘தேர்ச்சி அல்லது தோல்வி’ என்றே போட்டிருக்கும். தேர்வில் தோற்றவரை வெளிப்படையாக வரவேற்கும் அரசு விளம்பரத்தை வேறெங்கும் காண்பது அரிது. பொதுவாக அரசு வேலை என்பது ஊரைவிட்டுப் போகக்கூடியவருக்கு, தேர்வெழுதிப் பழகியவருக்கு, சொல்லிவிட ஆள் இருப்பவருக்கு வாய்ப்பது. இந்த விதிகள் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கின. பேருந்து ஏற முடியாதவள், பிள்ளையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போக முடியாதவள், பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை போல இருக்கின்றன.

விதவைகள் விஷயத்தில் இதன் எடையைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1975-இலேயே வந்துவிட்டது. அது தேவையான உதவிதான், ஆனால் வீட்டுக்குள் வந்து சேரும் பணம். சத்துணவு மையம் அவளைத் தெருவழியாக நடக்க வைத்தது. நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் கரண்டி சோறு போடும் இடத்தில் நின்றாள். சாவிக்கொத்து அவள் கையில், இருப்புப் பதிவேட்டில் அவள் கையெழுத்து. உதவித்தொகையால் தர முடியாத ஊர் மரியாதை அது. ஊதியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பணிக்கு ஒவ்வொரு முறையும் பெருங்கூட்டம் விண்ணப்பிப்பதன் காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை என்னவென்று அருகில் போய்ப் பார்ப்போம். நூறு பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நூறு கிராம் வீதம் பத்து கிலோ அரிசி. பதினைந்து கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ பருப்பு. முட்டை நூறு. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010-இல் வாரத்தில் ஐந்து நாளும் என்றானது. குழந்தைக்கு அது வரம்தான். சமையலருக்கு அது தினமும் நூறு முட்டையைக் கழுவி, வேகவைத்து, ஆறவைத்து, பிளவுபடாமல் ஓடு உரிக்கும் கூடுதல் வேலை. 2013-இல் கலவைச் சாதங்களும் மசாலா முட்டையும் பட்டியலில் நுழைந்தபோது சோறும் சாம்பாரும் என்றிருந்த சமையல் நாளுக்கொரு வகையாயிற்று. வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும் பெருகின, கைகள் பெருகவில்லை. எரிவாயு வருவதற்கு முன்பு ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்த ஆண்டுகள் பல. பத்து கிலோ சோற்றைக் கஞ்சி வடிக்க இரண்டு பேராவது வேண்டும்; உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் ஒருவரே துணி சுற்றி அண்டாவைச் சாய்க்க வேண்டும். அமைப்பாளருக்கோ வேறு பாடு. வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, உணவுப் பொருள் கணக்கு, பி.டி.ஓ. அலுவலகக் கூட்டம். பக்கத்து ஊர் மையத்தில் அமைப்பாளர் ஓய்வுபெற்றுப் போய் இடம் நிரப்பப்படாவிட்டால் அதுவும் இவர் தலையில் கூடுதல் பொறுப்பாக விழும்.

இது வேலைவாய்ப்புத் திட்டமே இல்லை, ஆளும் கட்சி தன் ஆட்களுக்குக் கொடுத்த சலுகை என்று ஒரு குற்றச்சாட்டு 1982 முதலே இருக்கிறது. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. பரிந்துரைக் கடிதங்களும் பணம் கைமாறிய புகார்களும் எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. ஆனாலும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் விதி பரிந்துரையின் எல்லையையும் குறுக்கியது. சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதியின் மறுகோடியில் இருக்கும் உறவினரை இந்த ஊரில் கொண்டுவந்து வைக்க முடியாது. ஊருக்குள் இருக்கும் தகுதியுள்ள சில பெண்களில் ஒருவரைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். யாரைப் பிடித்து வேலை வாங்கினாலும், வாங்கியவள் அந்த ஊர்க்காரி, பெரும்பாலும் ஏழை. சலுகை அரசியல் நியாயமாக இல்லை, ஆனால் அது ஓடிய வாய்க்காலை விதி வெட்டிவைத்திருந்தது. தகுதித் தேர்வு வைத்து ஆளெடுத்திருந்தால் ஊழல் குறைந்திருக்கலாம்; பக்கத்து நகரத்தின் பட்டதாரிகள் அந்த இடங்களை நிரப்பியிருப்பார்கள் என்பதும் உறுதி.

பெண்ணுக்கு வேலை கொடுக்கிறோம் என்று சொல்லி மறுபடி அடுப்படிக்கே அனுப்பியதில் என்ன புதுமை என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி சரியாகத்தான் தோன்றும். தமிழ்நாட்டில் சமையல் ஒரு தொழிலாக யார் கையில் இருந்தது என்று பார்த்தால் விடை சற்று மாறும். வீட்டில் கூலியில்லாமல் சமைத்தவர்கள் பெண்கள். கல்யாண வீட்டிலும் கோயில் மடைப்பள்ளியிலும் சாப்பாட்டுக் கடையிலும் விடுதியிலும் காசு வாங்கிக்கொண்டு சமைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தவசிப்பிள்ளையும் பரிசாரகரும் ஆண்களே. பெண் அங்கே பாத்திரம் தேய்க்கவும் மாவாட்டவும்தான் இருந்தாள். பொதுச் சமையலை, சம்பளமுள்ள பதவியாக, இத்தனை ஊர்களில் பெண்ணின் பெயரில் எழுதிவைத்தது சத்துணவுத் திட்டம். ஆனால் எழுதும்போதே வீட்டுச் சமையலின் விலையைத்தான் அதற்குப் போட்டது என்பது குறை. இந்த அளவில் அந்த விமர்சனம் முழுக்கச் செல்லும்.

சாதி விஷயம் இதைவிடச் சிக்கலானது, இதைவிட முக்கியமானதும் கூட. யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்பதில்தான் தமிழ்ச் சமூகம் தன் படிநிலையை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டது 1920-களின் நடுவில் காங்கிரஸையே உலுக்கியது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் இயக்கம் மறியல் செய்தது, பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்பதை அழிக்கச் சொல்லி. அவை பந்தியைப் பற்றியும் பலகையைப் பற்றியும் நடந்த போராட்டங்கள். சத்துணவு மையம் பிரச்சினையை அடுப்புக்கே கொண்டுபோனது: தலித் பெண் வடித்த சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தினமும், அரசுச் செலவில். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உணவுரிமை வழக்கில், சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஆணையிட்டபோது, இந்த அடுப்பின் சமூக எடையை அது புரிந்துகொண்டிருந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தைச் சேர்ந்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றியது. கண்டனம் எழுந்தபின் மாற்றல் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில், காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்த அதே எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள உசிலம்பட்டியில், சமையலரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிட மறுப்பதாகச் செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய் அவர்களுடன் அமர்ந்து சாப்பிட்டார். இத்தகைய நியமனங்கள் ஏழைப் பெண் ஒருத்தியின் தலையில் ஊரின் பகையைச் சுமத்துகின்றன, சமூக மாற்றத்தை அவள் செலவில் நடத்துகிறோம் என்று சொல்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். அவள் உள்ளூர்க்காரி என்பதால் அவமதித்தவர்களின் தெருவைத் தாண்டித்தான் மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் இதற்கு மாற்று என்ன? ஊர் ஒப்புக்கொள்ளும் சாதியில் ஆள் வைப்பது என்றால், அரசுப் பணத்தில் அந்தப் பழைய பந்தியையே நடத்துவதாகும். செய்திக்கு வந்த ஊர்களை எண்ணுகிறோம். தலித் பெண்கள் ஆண்டுக்கணக்காகச் சமைத்து, பிள்ளைகள் சாப்பிட்டு, எந்தச் செய்தியும் வராமல் ஓய்வுபெற்ற ஊர்களை யாரும் எண்ணுவதில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது, ஊர் எதிர்த்தாலும் அசைக்க முடியாத பதவி. அதைத்தான் அரசு முழுமையாகத் தரவில்லை.

இங்கேதான் விதியின் மறுபக்கத்துக்கு வருகிறோம். உள்ளூர்ப் பெண், சொந்த வீடு இருக்கும், நடந்தே வந்துவிடுவாள், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும், எப்படியும் வீட்டில் சமைக்கிறவள்தானே, வேறு போக்கிடமும் இல்லை: கதவைத் திறந்த ஒவ்வொரு காரணமும் சம்பளப் பேச்சில் அவளுக்கு எதிராகத் திரும்பியது. சொற்பத் தொகுப்பூதியத்தில் தொடங்கிய வேலை, சங்கம் வைத்து, மறியல் செய்து, கைதாகி, படிப்படியாகச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற தனித் தட்டுக்கு வந்தது. மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள காலமுறை ஊதியத்துக்கு முன்னால் ‘சிறப்பு’ சேர்ந்தால் மேலே போக வேண்டும். இங்கே கீழே போனது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின்னான கட்டமைப்பில் அமைப்பாளருக்கு 7,700 ரூபாயிலும் சமையலருக்கு 4,100 ரூபாயிலும் உதவியாளருக்கு 3,000 ரூபாயிலும் அடிப்படை ஊதியம் தொடங்குகிறது. ஓய்வுபெற்றவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய் என்பது பல ஆண்டுகள் நீடித்தது. முப்பது ஆண்டுகள் அரசின் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அரசு ஊழியரா என்று கேட்டால் அரசு தயங்கும்.

நீதிமன்றங்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பணியிடம் அல்ல என்று கர்நாடக வழக்கு ஒன்றில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில் அதே நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்றது. அவர்கள் பெறுவது மதிப்பூதியம், கூலி இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பள்ளிச் சமையலர்களைப் பொறுத்தவரை 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் வெளிப்படையானது. உத்தரப் பிரதேசத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2005 முதல் சமைத்துவந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்தப் பள்ளியில் பிள்ளை படிப்பவருக்கே முன்னுரிமை என்ற புதிய ஆணையைக் காட்டி 2019-இல் அவரை நீக்கினார்கள். 1,000 ரூபாய்க்கு ஒருவரை மாதம் முழுக்கச் சமைக்க வைப்பது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். அந்த 1,000 ரூபாய் உத்தரப் பிரதேசம் தானாக நிர்ணயித்ததும் அல்ல. ஒன்றிய அரசு 2009 டிசம்பரில் சமையலருக்கு வைத்த தொகை அது, ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டும். தமிழ்நாடு அதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்பதைப் பெருமையாகச் சொல்வோருண்டு. அந்த அளவுகோலைத் தாண்டுவது பெரிய சாதனை இல்லை.

பகுதிநேர வேலைக்கு முழுச் சம்பளம் எப்படித் தருவது என்ற கேள்விக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் தமிழக அரசு 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்க ஆணையிட்டது. ஓராண்டு கழிந்தபின் சிறப்புக் காலமுறை ஊதியம். அதே நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்துக்கான நாள்கூலி 319 ரூபாய். அதாவது சத்துணவு உதவியாளரின் ஒரு மாதச் சம்பளம், ஏரி தூர்வாரும் வேலையில் பத்து நாளுக்குக்கூடத் தேறவில்லை. மாதத்துக்கு இருபத்தொரு பள்ளி நாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு 143 ரூபாய். அரைநாள் வேலை என்றே ஒப்புக்கொண்டாலும் நூறுநாள் கூலியில் பாதிக்கும் குறைவு. இரண்டுமே அரசு கொடுக்கும் கூலி, இரண்டையும் வாங்குவது அநேகமாக ஒரே தெருப் பெண்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கஜானா தாங்காது என்பது கடைசி அரண். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு முழு ஊதியமும் ஓய்வூதியமும் என்றால் செலவு பல மடங்காகும், அப்போது மையங்களைக் குறைக்க வேண்டிவரும், குழந்தைகள்தான் பாதிக்கப்படுவார்கள் என்பார்கள். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் 1982-இல் குழந்தைகளுக்குச் சோறு போடுவதற்கும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது. வருவாய் போதாது, வளர்ச்சிப் பணிகள் நின்றுவிடும், இது வெறும் கவர்ச்சித் திட்டம் என்று அறிஞர்கள் பலர் எழுதினார்கள். அரசு பணத்தைத் தேடிக்கொண்டது; திட்டம் நிலைத்தது; 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டபோது முன்மாதிரியாகச் சுட்ட தமிழ்நாடு இருந்தது. முன்னுரிமை என்று முடிவானதற்கு நிதி கிடைக்கும் என்பதை வேறு யாரையும்விடத் தமிழக நிதித்துறை நன்றாக அறியும். மையச் சமையற்கூடம்தான் சிக்கனம் என்ற யோசனையும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கர்நாடகத்தில் அட்சய பாத்திரா போன்ற அமைப்புகள் ஒரே கூடத்தில் லட்சம் பேருக்கு இயந்திரத்தில் சமைக்கின்றன; சுத்தமும் வேகமும் அதில் உண்டு. செலவைச் சாப்பாட்டுக்கு மட்டும் கணக்கிட்டால் அதுவே மலிவாகத் தெரியலாம். ஊருக்கு மூன்று பெண்களின் வேலையையும், அந்த வேலையால் ஊருக்குள் நடந்த மாற்றத்தையும் ஏட்டில் ஏற்றினால் சிக்கனத்தின் மறுபக்கம் தெரியும். சூடாறிய சோறு வண்டியில் வரும், யார் சமைத்தார் என்று பிள்ளைக்குத் தெரியாது. சாதி பார்த்துச் சாப்பிட மறுப்பவர்களுக்கும் அது வசதிதான்.

இந்த வரலாற்றின் அண்மை அத்தியாயம் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கிய அதை, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மு.க. ஸ்டாலின் முப்பத்தோராயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார். இங்கே சமைப்பவர்கள் சத்துணவுப் பணியாளர்கள் அல்ல, மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள். அவர்களின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தாயே சமைத்தால் தரம் கெடாது என்ற எண்ணம் புரிகிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்தால் தாயின் வேலையும் முடிந்துவிடும் என்பதும் புரிகிறது. உத்தரப் பிரதேசத்தில் அந்தப் பெண்ணை வெளியே தள்ளிய நிபந்தனையும் இதே ரகம்தான். 1982-இல் வேலைக்கு எல்லை தூரமாக இருந்தது; இப்போது காலமும் எல்லையாகிவிட்டது. பதவி, காலமுறை ஊதியம், ஓய்வூதியம் என்று நாற்பது ஆண்டுகள் போராடி ஏறிய படிகளில் ஒன்றுகூட இந்தப் பெண்களுக்குக் கிடையாது. உள்ளூர்ப் பெண்களுக்கு மேலும் வேலை கிடைத்திருக்கிறதே என்பவர்களை மறுக்கவில்லை. கிடைத்திருப்பது வேலையின் முந்தைய வடிவத்தைவிட இளைத்த வடிவம் என்று மட்டும் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், பகுதிநேர வேலை என்ற பழைய வாதத்தை அரசே இப்போது பலவீனமாக்கிவிட்டது. ஒரே பள்ளி வளாகத்தில் விடிந்ததும் ஒரு பெண் அடுப்பு பற்றவைக்கிறார். அவர் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் இன்னொருவர் மதிய உலை வைக்கிறார். இருவர் நேரத்தையும் சேர்த்தால் காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரை நீளும் முழுநேர வேலை. காலை உணவையும் எங்களிடமே ஒப்படையுங்கள் என்று சத்துணவுப் பணியாளர்கள் கேட்பது நியாயமானது. காலை உணவுப் பெண்களை வெளியே அனுப்பாமலேயே அதைச் செய்யலாம். ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கும் சமையலர், உதவியாளர் பணியிடங்களில் அவர்களை முதலில் அமர்த்துங்கள். இரு வேளைச் சமையலையும் ஒரே பணியிடமாக்குங்கள். பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள். மூன்று கிலோமீட்டர் விதியையும் விதவைக்கான முன்னுரிமையையும் அப்படியே வைத்துக்கொண்டு, சம்பளத்தை மட்டும் ‘சிறப்பு’ப் பட்டியலிலிருந்து எடுத்து மற்ற அரசு ஊழியர்களின் காலமுறை ஊதியப் பட்டியலில் சேருங்கள்.